யாருடையதும் அல்லாத பை

ரயில் நிலையத்தில் அவருக்கு அடையாளம் சார் என்று பெயர். தவறவிட்ட பொருள் பிரிவை இருபத்தாறு வருஷமாகக் கட்டி ஆள்கிறவர். குடையோ பெட்டியோ ஒற்றைச் செருப்போ, எதைத் தேடிக்கொண்டு எவர் வந்தாலும் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கமிருந்து வரும் முதல் பேச்சு, "அடையாளம் சொல்லுங்க" என்பதுதான். கறுப்புக் குடை என்றால் போதாது. உலகத்தில் பாதிக் குடை கறுப்பு. எத்தனை கம்பி, எந்தக் கம்பி வளைந்தது, பிடியில் கீறல் எந்தப் பக்கம் என்று குடைந்து எடுத்துவிடுவார். ஒரு வக்கீல் தன் மூக்குக்கண்ணாடியை மீட்க வந்தவர், எதிரே இருக்கும் முகமே சரியாகத் தெரியாமல் முக்கால் மணி நேரம் நின்று பதில் சொல்லிவிட்டு, "நீங்க எங்க தொழிலுக்கு வந்திருக்கணும் சார்" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

இத்தனை வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூட ஆள் மாறிப் போனதில்லை. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. பிற்பாடு பெருமையெல்லாம் கூடாது என்று படித்து, அதைக் குறைத்துக்கொண்டார். குறைத்துக்கொண்டதில் கொஞ்சம் பெருமை உண்டாயிற்று. அதை என்ன செய்வதென்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

படிப்பு வந்த வழி இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், கூட்டமில்லாத ஒரு மத்தியானம், ஊரையெல்லாம் 'நீ யார், இது உன்னுடையதுதானா' என்று கேட்கிறோமே, நம்மை யாராவது கேட்டால் என்ன சொல்லுவோம் என்று அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. யோசித்துப் பார்த்தார். ஊழியர் அட்டையைத் தவிரக் காட்ட ஒன்றுமில்லை. அட்டையில் இருந்த படத்துக்கும் அவருக்கும்கூட இப்போது அவ்வளவு ஒற்றுமை இல்லை. அன்றைக்கு அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. சிரிப்பதற்கில்லை, அந்தப் பயம் சுத்தமானது. அதற்கப்புறம் செய்த கூத்துக்குத்தான் சிரிக்க வேண்டும்.

நிலையத்துக்கு எதிர்த்த தெருவில் ஒரு தையற்கடை. அதன் மாடியில் வாரம் ஒருநாள் மாலை ஆத்ம விசார வகுப்பு நடந்தது. நடத்துகிறவர் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பக்கம் முப்பது வருஷம் நின்றவர். "இத்தனை வருஷம் ஆளுங்களைத் தூங்க வெச்சேன். இப்ப எழுப்பப் பாக்குறேன். இதுதான்பா ரொம்பக் கஷ்டம்" என்பார். புத்தகத்தை மடியில் வைத்திருப்பார், திறக்க மாட்டார். "மயக்கம் தெளிஞ்சு எழுந்த ஆளு, 'ஒண்ணுமே தெரியல சிஸ்டர்'னு சொல்லுவாங்க. ஒண்ணுமே தெரியலங்கறது யாருக்குத் தெரிஞ்சுது? அங்க ஒருத்தர் முழிச்சுக்கிட்டு இருந்திருக்கார் இல்ல? அவரைப் பிடிங்க."

அடையாளம் சார் பிடிக்கக் கிளம்பிவிட்டார். உடம்பு நான் அல்ல, மனசு நான் அல்ல, நினைப்பு நான் அல்ல என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு மிச்சமிருப்பதைப் பார்க்க வேண்டும். அவருடைய வேலையே அதுதானே, பொருந்தாத ஆளைத் தள்ளிவிடுவது. தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்காருவார்.

கதவைச் சாத்துவதற்குக் காரணம் மனைவி. அந்த அம்மாளுக்கும் அதே நிலையத்தில், டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. ஆனால் நிலையத்தில் அவளை அறியாதவர் கிடையாது. ஒலிபெருக்கியில் இருபத்திரண்டு வருஷமாக வருகிற குரல் அவளுடையது. எப்போதோ அதிகாரி ஒருவர் கவுன்ட்டரில் அவள் பேசியதைக் கேட்டுவிட்டு, மாடியிலிருந்த அறிவிப்பு அறைக்கு அழைத்துப் போய் ஒலிப்பதிவு செய்தார். அன்று முதல் அவள் மைக்கம்மா. புது வண்டி விட்டாலோ நேரம் மாறினாலோ மைக்கம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு முந்தின வாரம் முழுக்கச் சமையலறையில், கரண்டியும் கையுமாக, "பயணிகள் கவனத்திற்கு" நடக்கும். "தியானம்!" என்று ஒரு அதட்டல் வரும், கதவு சாத்தப்படும், மைக்கம்மா அடுப்பைப் பார்த்து மெல்லிய குரலில் வண்டியைப் புறப்பட வைப்பாள்.

'என்னுடையது' என்ற நினைப்பைப் பற்றி ஒரு வாரம் வகுப்பில் பேச்சு வந்தது. நர்ஸம்மா சொல்லிவிட்டுத் தன் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அடையாளம் சாரும் கீழ்க்கடைத் தையற்காரரும் படி இறங்கி முடிப்பதற்குள் அது நாற்பது நாள் விரதமாகிவிட்டது. நான், என், எனக்கு, என்னுடையது என்ற சொல் நாற்பது நாளைக்கு வாயில் வரக் கூடாது. வந்தால் அன்றோடு எல்லாம் ரத்து, மறுநாள் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். தையற்காரர் பன்னிரண்டாம் நாள், எவனோ கத்தரிக்கோலை எடுத்துக் காகிதம் வெட்டப் போக, "டேய், என் கத்திரிடா!" என்று அலறித் தோற்றார். நாலு நாள் கழித்து மறுபடியும் அதே கத்திரி, அதே அலறல். அடையாளம் சார் தவறவே இல்லை.

வீட்டில் அது ஒரு மாதிரியாக இருந்தது.

"இந்த உடம்புக்குப் பசிக்குது" என்பார்.

"அந்த உடம்பைக் கை கழுவிட்டு வந்து உக்காரச் சொல்லுங்க" என்பாள் மைக்கம்மா.

"நீலச் சட்டை எங்க?"

"யாரோட நீலச் சட்டை?"

அவர் திருதிருவென்று விழிப்பார். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பதினெட்டாம் நாள் வரைக்கும் இப்படித்தான் போயிற்று. பதினெட்டாம் நாள் மைக்கம்மா நிலையத்துப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். கை கால் தப்பித்தது. மேல்வரிசை முன்பற்கள் உடைந்து, மிச்சத்தையும் டாக்டர் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து லீவு. வாயில் எந்நேரமும் கைக்குட்டை. எந்தச் சொல்லைச் சொன்னாலும் காற்றுத்தான் முதலில் வந்தது. கண்ணாடி முன்னால் நின்று ஒருமுறை "பயணிகள்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம் அவள் சொல்லிப் பார்க்கவில்லை.

இதில்தான் ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. நிலையத்துக்குப் புது ஒலிபெருக்கி ஏற்பாடு வந்தது. பழைய பதிவு எதுவும் அதில் ஓடாது. முன்னூற்றுச் சொச்சம் வாக்கியங்களையும் புதிதாகப் பேசிப் பதிய வேண்டும். பதிகிறவர்கள் வெளியூரிலிருந்து ஒரே ஒரு நாள் வருவார்கள், காலை பத்து மணிக்கு. மைக்கம்மா பேசினால் அவள் குரல். இல்லாவிட்டால் எந்திரக் குரல் ஒன்று தயாராக இருந்தது. பல் டாக்டர் மெழுகில் செய்து, போட்டுப் பார்த்து, சரிபண்ணி, முந்தின நாள் மத்தியானம் அசல் செட்டு வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தார். வாங்கி வந்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஆஸ்பத்திரி நிலையத்துக்குப் பக்கத்தில் என்பதால் வாங்கி வரும் வேலை அடையாளம் சாருக்கு.

அது விரதத்தின் முப்பத்தொன்பதாம் நாள்.

பல் செட்டை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அதைத் தன் பழுப்புத் தோள்பையில், விரத சாதனைக் குறிப்பை அன்றாடம் எழுதும் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் பிளாட்பாரத்துக் கடைசிப் பெஞ்சுக்கு வந்தார். அரை மணி கண்ணை மூடினார். எழுந்து, பையைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு முகம் கழுவக் குழாயடிக்குப் போனார். திரும்பி வந்தால் பெஞ்சைச் சுற்றி ஒரே கூட்டம். செக்யூரிட்டிக்காரர் விசில் ஊதிக்கொண்டு, பைக்கு இரண்டடி தள்ளி நின்று, "யாரோடது? இந்தப் பை யாரோடது?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்த அடையாளம் சார் அப்படியே நின்றார். கூட்டத்தில் முதல் வரிசையில் தையற்காரர். பார்சல் ஆபீஸில் நூல்கண்டுப் பெட்டி எடுக்க வந்தவர். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கண் இரண்டும் மின்ன, இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பை யாருடையது என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும். போன மாசம் அதற்கு வார் தைத்துக் கொடுத்ததே அவர்தான்.

"சார், நல்ல வேளை வந்தீங்க. உங்களோடதா இது?" என்றார் செக்யூரிட்டிக்காரர்.

முப்பத்தொன்பது நாள் ஒரு பக்கம், பழைய பை ஒரு பக்கம். போனால் எங்கே போய்விடும், கடைசியில் நம் பிரிவுக்குத்தானே வந்தாக வேண்டும், அங்கே ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டால் போயிற்று என்று உள்ளே ஒரு கணக்கு ஓடியது. அந்தக் கணக்கைப் போட்டது யார் என்று அந்த நேரம் பார்த்து அவர் விசாரிக்கவில்லை.

"இந்த உடம்புக்கும் அந்தப் பைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்றார்.

"அப்ப யாரோடது சார்?"

"யாரோடதும் இல்லை. எதுவுமே யாரோடதும் இல்லை."

ஒரு அம்மா தன் குழந்தையை இழுத்துப் பின்னால் விட்டுக்கொண்டாள். செக்யூரிட்டிக்காரர் நடைமுறை மனிதர். யாருடையதும் இல்லை என்றால் சோதனை அறைக்குப் போக வேண்டியதுதான். பையை உடம்பில் படாமல் கையை நீட்டித் தூக்கிக்கொண்டு நடந்தார். தையற்காரரின் முகம் தொங்கிப்போயிற்று. அடையாளம் சாருக்கு மனசு லேசாக இருந்தது. பை போய்விட்டதால் தோளும் லேசாக இருந்தது.

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மைக்கம்மா கையை நீட்டினாள். அப்போதுதான் அவருக்குப் பல் செட்டு ஞாபகம் வந்தது.

"ஆபீஸ்ல பத்திரமா இருக்கு" என்றார்.

அவள் கைக்குட்டையை விலக்காமலே கேட்டாள். "எடுத்துட்டு வரலியா?"

"காலைல முதல் வேலை அதுதான். ஒன்பது மணிக்குள்ள கையில இருக்கும்."

 மைக்கம்மா கையை மடக்கிக்கொண்டு உள்ளே போனாள். பதிய வேண்டிய வாக்கியங்களின் தாள்கட்டு மேஜை மேல் இருந்தது. உட்கார்ந்து, உதட்டை மட்டும் அசைத்து, ஒவ்வொன்றாகப் படித்தாள். சத்தமே வரவில்லை. அன்றைக்குக் கதவைச் சாத்த வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

மறுநாள் எட்டு மணிக்கெல்லாம் அடையாளம் சார் தன் பிரிவில் இருந்தார். சோதனை முடிந்து, முத்திரை வைத்த பை ஒன்பது மணிக்குத்தான் கவுன்ட்டரம்மாவின் மேஜைக்கு வந்தது. கவுன்ட்டரம்மா அந்தப் பிரிவில் அவருக்குக் கீழே பதினோரு வருஷமாக வேலை பார்ப்பவர். அவர் கற்றுக்கொடுத்ததை ஒரு எழுத்து விடாமல் கற்றவர். அடையாளம் சார் பேசாமல் பையின் மேல் கையை வைத்தார். அந்த அம்மா பேசாமல் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சார், பாரம் நிரப்பணும்."

"அதெல்லாம் எதுக்கும்மா?"

"நம்ம பிரிவு ஊழியரே பொருளைக் கேட்டா, 'இது என்னுடையது'ன்னு கைப்பட எழுதணும், வாயாலயும் சொல்லணும். நீங்க போட்ட ரூல்தானே?"

அவர் போட்ட ரூல்தான். எந்தக் காலத்திலோ ஒரு ஊழியர் அடுத்தவர் குடையை எடுத்துக்கொண்டு போய், பிற்பாடு "என்னோடதுன்னு நான் எப்ப சொன்னேன்?" என்று கேட்டதால் வந்த வினை.

"இந்தப் பையானது, இங்கே நிற்கிற இந்த உடம்பு வழக்கமாகத் தோளில் மாட்டுகிற..."

"என்னுடையதுன்னு சொல்லுங்க சார்."

"இந்தப் பைக்கும் இந்தத் தோளுக்கும் ரொம்ப நாள் பழக்கம்."

"நேத்து அப்படிச் சொல்லலியே" என்றார் வாசலில் நின்ற செக்யூரிட்டிக்காரர். சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்தார். "ஒரு சம்பந்தமும் இல்லைன்னு இருபது பேர் முன்னால சொன்னாரும்மா. நான் எழுதி வெச்சிருக்கேன்." அவருக்குப் பின்னாலேயே, நாற்பதாம் நாள் எப்படி முடிகிறது என்று பார்க்கக் கடையைக்கூடத் திறக்காமல் வந்திருந்த தையற்காரரும் எட்டிப் பார்த்தார்.

கவுன்ட்டரம்மாவுக்கு இப்போது நிஜமாகவே சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். பையைத் திறந்து நோட்டை எடுத்து, கேட்பவரின் கண்ணுக்குப் படாமல் பிரித்துப் பிடித்துக்கொண்டார்.

"இதுல என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க."

"சாதனைக் குறிப்பு."

"அது எல்லாரும் சொல்லலாம். ஐந்தாம் நாள் என்ன எழுதியிருக்கு?"

ஐந்தாம் நாள் என்ன எழுதினோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? அவர் விழித்தார். கவுன்ட்டரம்மாவே படித்தார். "'மனைவி மீது கோபம் வந்தது. எவருக்கு வந்தது என்று விசாரித்ததில் ஒருவரும் அகப்படவில்லை.'" செக்யூரிட்டிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பதினாறாம் நாள். 'தையற்காரர் மறுபடியும் தவறினார். மனதில் மகிழ்ச்சி எழுந்தது. சாட்சியாக இருந்து பார்த்தாயிற்று.'"

"ஓஹோ" என்றார் தையற்காரர்.

"படிக்க வேண்டாம்மா" என்றார் அடையாளம் சார்.

ஆனால் அந்த அம்மாவின் கண் அதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. "இருபத்தெட்டாம் நாள். 'வீட்டில் மௌனம் கூடியிருக்கிறது. மனைவி அநேகமாகப் பேசுவதே இல்லை. சாதனையின் பலன் வீட்டாருக்கும்...'"

கவுன்ட்டரம்மா அத்துடன் நிறுத்திவிட்டார். மைக்கம்மா ஏன் பேசவில்லை என்று அந்த நிலையத்தில் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடையாளம் சாரின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் எழுதிய வாக்கியத்தை அவரே இன்னொருவர் வாயில் கேட்டபோதுதான், கைக்குட்டையும், கண்ணாடி முன்னால் ஒரே ஒரு தடவை வந்து நின்றுபோன 'பயணிகளு'ம் அவருக்கு ஞாபகம் வந்தன. அவளுடைய வெட்கத்தைத் தன் தவத்தில் வரவு வைத்திருக்கிறார். 

அந்தச் சமயம் பார்த்து மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. பழைய பதிவுகளுக்கு அன்றுதான் கடைசி நாள். "பயணிகள் கவனத்திற்கு. பயணிகள் தங்கள் உடைமைகளைத் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இருபத்திரண்டு வருஷமாக அவர் தலைக்கு மேலே, ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஓடிய வாக்கியம். கடைசியாக எப்போது அதைக் காது கொடுத்துக் கேட்டார் என்று அவருக்குத் தெரியவில்லை. இப்போது கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. 'தங்கள்' என்பதில் ஒரு சின்ன அழுத்தம் கொடுக்கிறாள், யாரோ ஒரு அசட்டு ஆளைத் தனியாக மனதில் வைத்துச் சொல்வதுபோல. மணி ஒன்பதே கால்.

"என்னோடது!" என்று கத்தினார் அடையாளம் சார். "பை என்னோடதும்மா! நோட்டு என்னோடது, அதுல இருக்கிற அசட்டுத்தனம் முழுக்க என்னோடது! டப்பாவில இருக்கிற பல்லு என் பெண்டாட்டியோடது! மேல கேக்குதே, அந்தக் குரலும் என் பெண்டாட்டியோடது! எங்க எழுதணும்? கொடுங்க!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுதினார், கையெழுத்திட்டார், பையை வாங்கினார். டப்பாவை எடுக்கக் கை விட்டபோது டப்பா அதில் இல்லை. அது கவுன்ட்டரம்மாவின் கையில் இருந்தது.

"பல்லு உங்களோடது இல்லையே சார். வேற ஆளோட பொருள். அதுக்குத் தனியா அடையாளம் சொல்லணும்." அந்த அம்மாவுக்கும் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. "எத்தனை பல்லு?"

"ஆறு. இல்ல, நாலு. நாலுதான்."

"என்ன குறி இருக்கு?"

"பல்லுல என்னம்மா குறி இருக்கும்? பல்லு பல்லு மாதிரி இருக்கும்."

"போன மாசம் ஒரு தாத்தா செட்டைக் கேட்டு வந்தப்ப, 'பல்லு பல்லு மாதிரிதான் இருக்கும்'னு அவர் சொன்னதுக்கு நீங்கதான் அவரைத் திருப்பி அனுப்பினீங்க."

 மைக்கம்மாவுக்கு எதிரே அவர் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். குடையின் கம்பியை எண்ணத் தெரிந்தவருக்கு மனைவியின் பல்லைப் பற்றிச் சொல்ல ஒரு வரி இல்லை. பொருளைத் தொலைத்தவர்கள் உட்காருகிற பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்வது இதுதான் முதல் தடவை. ரொம்பத் தாழ்வாக இருந்தது.

ஒன்பதரைக்கு மைக்கம்மாவே வந்துவிட்டாள். கைக்குட்டை வாயில், தாள்கட்டு கையில். பெஞ்சில் தலையைத் தொங்கப்போட்டு இருப்பவரை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவு நாள் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு அது போதும். கவுன்ட்டரம்மா பாரத்தை நீட்டினார். மைக்கம்மா ஒரு வார்த்தை பேசாமல், நின்ற நிலையிலேயே எழுதினாள். கவுன்ட்டரம்மா படித்தார், டப்பாவைத் திறந்து பார்த்தார், அவள் கையில் கொடுத்தார். மைக்கம்மா பெண்கள் அறைக்குள் போய்விட்டு வந்தாள். இப்போது கைக்குட்டை இடுப்பில் செருகியிருந்தது. யார் பக்கமும் திரும்பாமல் அறிவிப்பு அறைப் படியில் ஏறினாள். இந்தத் தடவை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

அதற்குள் தையற்காரர் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாகிவிட்டது. சந்தோஷத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்திருந்தார். "அம்மா, நாப்பதாம் நாள் காலைல சாருக்கு விரதம் உடைஞ்சு போச்சு. நாலு தடவை 'என்னோடது'ன்னு கத்திட்டாரு."

"என்ன விரதம்?"

"அதாம்மா, 'என்னுடையது'ன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்க சொன்னது. நாப்பது நாள்."

 "சொல்லக் கூடாதுன்னு நான் எங்கப்பா சொன்னேன்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த நெனப்பு வருதுன்னு சும்மா கவனிங்கன்னுதானே சொன்னேன். வாயைக் கட்டிக்கிட்டா எதைக் கவனிப்பீங்க? நாப்பது நாளாவா இந்தக் கூத்து நடக்குது? யாரு ஜெயிக்கிறதா இருந்தது?"

தையற்காரர் அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தார். அடையாளம் சாரைப் பார்த்தார். அடையாளம் சார் அவரைப் பார்த்தார். இருவர் முகத்திலும் ஒரே மாதிரி அசடு வழிந்தது. மூன்று வருஷப் படிப்பில் அவர்கள் இருவரும் இரண்டில்லை, ஒன்றுதான் என்பது அன்றைக்குத்தான் ருசுவாயிற்று. "கடையைத் திறக்கணும். என் கத்திரி வேற வெளியில கெடக்கு" என்று சொல்லிவிட்டுத் தையற்காரர் நழுவினார்.

பத்தேகாலுக்குக் கவுன்ட்டரம்மா இரண்டு பாரங்களையும் அவர் மேஜையில் வைத்தார். பிரிவுத் தலைவர் மேலொப்பம் போட வேண்டும். முதல் பாரத்தில் அவருடைய கிறுக்கல். ஒப்பம் போட்டார். இரண்டாவதில் மைக்கம்மாவின் குண்டு குண்டான எழுத்து. பொருள், பல் செட்டு. உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயர். அடையாளக் குறி என்ற கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தாள்.

'மேல் வரிசை, நாலு பல். இடது ஓரப் பல் மட்டும் கொஞ்சம் திரும்பி நிற்கும். என் சொந்தப் பல் அப்படித்தான் இருந்தது. செட்டில் நேராகவே வைக்கலாம், அழகாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். வீட்டில் இருக்கிறவருக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும்.'

அவர் மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை எழுத்து கலங்கிவிட்டது. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவளை முதன்முதலாகப் பார்க்கப் போன அன்றைக்கு, எதற்கோ சிரித்தாள். அப்போது அவர் கண்ணில் பட்டது அந்தத் திரும்பிய பல்தான். அதை எங்கே வைத்துத் தொலைத்தார், எந்த வருஷம் தொலைத்தார், ஒன்றும் தெரியவில்லை. அவள் தொலைக்காமல் வைத்திருந்திருக்கிறாள். அவருக்காக. பிரிவுத் தலைவர், ஐம்பத்தெட்டு வயது மனிதர், மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணீர் விட்டார். அது எவருக்கு வந்தது என்று விசாரிக்கத் தோன்றவில்லை.

மேலொப்பம் போட மறந்து மாடிக்கு ஓடினார். அறிவிப்பு அறைக்கு ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. உள்ளே மைக்கம்மா காதில் பெரிய கருவியை மாட்டிக்கொண்டு, மைக்கைப் பார்த்து, "பயணிகள் கவனத்திற்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் முன்னே மாதிரியே இல்லை. கொஞ்சம் கனத்திருந்தது, புதுப் பல்லுக்கு இன்னும் பழகாத நாக்கு. நன்றாகத்தான் இருந்தது. பதிகிறவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அப்போது சன்னலுக்கு வெளியே, மூச்சு வாங்க, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நிற்கிறவரை அவள் பார்த்துவிட்டாள். மூன்று வாரத்துக்கு அப்புறம், கையால் மறைக்காமல் சிரித்தாள்.

இடது ஓரத்தில் கொஞ்சம் திரும்பித்தான் இருந்தது.

நூறு வாக்கியம் முடிந்து இடைவேளை விட்டபோது வெளியே வந்தாள். கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன, நாப்பது நாள் ஆச்சா?"

"உடைஞ்சு போச்சு."

"அடடா" என்றாள். முகத்தில் வருத்தம் கொஞ்சமும் இல்லை. "அப்ப இனிமே யாருக்குப் பசிக்கும்?"

"எனக்குத்தான்" என்றார் அடையாளம் சார். "காலைலேர்ந்து நான் ஒண்ணுமே சாப்பிடல."